மூடிக்கும் தண்ணீருக்கும் நடுவே

அமெரிக்காவின் வடகோடி ஊரான டுலூத்தில் ஒருவரை "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டு உண்மையைத் தெரிந்துகொண்டவர் இன்னும் பிறக்கவில்லை. கூரை இடிந்து விழுந்தாலும் "பரவாயில்ல" என்பார்கள். லாட்டரி அடித்தாலும் அதே "பரவாயில்ல"தான். அடுத்தவரிடம் உதவி கேட்பதைவிடக் குளிரில் விறைத்துச் சாவது மரியாதை என்று நினைக்கிற ஊர் இது. இந்த ஊர்க்காரர்களுக்கே மார்லிஸ் த்வெய்ட் கொஞ்சம் அதிகம். முப்பது வருஷமாகப் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாள். ஒருமுறை காலி பஸ் பனிப்பள்ளத்தில் இறங்கிவிட்டது. வண்டியை நிறுத்தி "ஒரு கை கொடுக்கவா?" என்று கேட்ட மூன்று பேரையும் "ஐயோ, வேண்டாம், நீங்க கிளம்புங்க" என்று அனுப்பிவிட்டு, ஒண்டி ஆளாக மண்வாரியோடு மாரடித்தாள். அப்போது அவளுக்கு ஐம்பத்தெட்டு வயது.

அக்டோபரில் அவள் கணவன் ஆரினுக்குப் பக்கவாதம் வந்தது. ஊருக்கு முன்னால் கடல்போல விரிந்த ஏரியில் இரும்புத்தாது ஏற்றிப் போகும் கப்பல்களில், இயந்திர அறையில், ஆயுசில் பாதியைக் கழித்த மனிதன். வலது கையும் காலும் சோர்ந்துபோயின. பேச்சு போய்விட்டது. மிஞ்சியது ஒரே ஒரு சொல்: "சரி." பசிக்கிறதா என்றாலும் சரி, வலிக்கிறதா என்றாலும் சரி, வீடு பற்றி எரிகிறதா என்றாலும் சரி. முதல் மாதம் மார்லிஸ் எல்லாவற்றையும் அவனிடம் கேட்டுத்தான் செய்தாள். அப்புறம் கேட்பதை விட்டுவிட்டாள். எதைக் கேட்டாலும் ஒரே பதில் வந்தால் யார்தான் கேட்டுக்கொண்டே இருப்பார்கள்? அவனுக்கு என்ன வேண்டும் என்பதை அவளே ஊகித்து, அவளே செய்து, அவளே "பரவாயில்ல" என்று ஊருக்குப் பதிலும் சொல்லிவிடுவாள்.

ஆரின் பின்னறையில் சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தான். உடற்பயிற்சி சொல்லித்தர வரும் பெண் நல்லவள்தான், ஆனால் பூசி மெழுகத் தெரியாதவள், வெளியூர்க்காரி. "ஜனவரி கடைசியில மறுபடி பரிசோதனை இருக்கு. அதுக்குள்ள அவரே எழுந்து நடக்க ஆரம்பிக்கணும். இல்லைன்னா வீட்டுல தனியா விட்டுட்டு நீங்க வேலைக்குப் போக முடியாது, பராமரிப்பு இல்லம்தான்" என்று சொல்லிவிட்டாள். "எழுந்து வர்றதுக்கு அவருக்கு ஒரு காரணம் வேணும். பார்க்கிறதுக்கு ஏதாவது ஒண்ணு வைங்க."

இதைக்கூட மார்லிஸ் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டாள். பஸ் நிலையத்தில் வண்டிகளைப் பழுது பார்க்கும் வெண்டல் சவேலா ஒருநாள் எண்ணெய் மாற்றிக்கொண்டே கேட்டு, கேட்டு, மூன்றாவது தடவைதான் அவள் வாயிலிருந்து பிடுங்கினான். மூன்றாவது தடவைக்கு முன் உண்மை சொல்வது இங்கே பண்பில்லை.

"மீன் வளக்கிறியா?" என்றான் வெண்டல்.

"எனக்கென்ன தெரியும் மீனைப் பத்தி? பொரிக்கத்தான் தெரியும்."

"என் வீட்டுக் கீழ்த்தளத்துல இருபத்திரெண்டு தொட்டி இருக்கு. என் பொண்டாட்டி தினம் எண்ணிப் பாக்குறா. ஒண்ணு குறைஞ்சா அவளுக்கு அன்னிக்குப் பண்டிகை. அவ புண்ணியத்துக்காவது வாங்கிக்கோ."

மறுநாள் சாயங்காலம் தொட்டி, மணல், மரத்துண்டு, கண்ணாடி மூடி, ஓரத்தில் தொங்கவிடும் வடிகட்டி, சூடேற்றி எல்லாவற்றையும் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான். கூடவே ஒரு பிளாஸ்டிக் பையில் அழுக்குப் பிடித்த பழைய பஞ்சு ஒன்று. சாக்கடையில் எடுத்ததுபோல இருந்தது.

"இது எதுக்கு?"

"இதுதான் பரிசே. புதுத் தொட்டித் தண்ணி வெறும் தண்ணி. மீனோட கழிவைத் தின்னு சுத்தம் பண்ற கிருமியெல்லாம் இந்த அழுக்குலதான் குடியிருக்கு. எட்டு வருஷத்து அழுக்கு! வடிகட்டிக்குள்ள அப்படியே வை. கழுவினேன்னு தெரிஞ்சுது, உன் பஸ்ஸுக்கு பிரேக் போடமாட்டேன்."

பிறகு இன்னொரு பையைத் தண்ணீரில் மிதக்கவிட்டான். அதற்குள் சுண்டுவிரல் நீளத்தில் ஒரு குட்டி. மீன் என்றால் மீன், பாம்பு என்றால் பாம்பு, பல்லி என்றாலும் சண்டைக்கு வராது. முதுகு நெடுகச் சின்னச் சின்னத் துடுப்புகள் ரம்பப் பற்களைப்போல வரிசையாக நின்றன. தலைக்கு இருபுறமும் இறகு மாதிரி இரண்டு செவுள்கள் வெளியே ஆடிக்கொண்டிருந்தன. பையைத் திறந்துவிட்டதும், முன்துடுப்புகளை ஊன்றி, தலையை நிமிர்த்தி, முகத்தில் ஒரு சிரிப்போடு அது மணலில் உட்கார்ந்தது.

"பிச்சிர். பூர்வீகம் ஆப்பிரிக்கா, பிறந்தது என் வீட்டுக் கீழ்த்தளம்" என்றான் வெண்டல். "கண்ணு சரியாத் தெரியாது, மோப்பம்தான். உறைஞ்ச புழுவைக் கரைச்சு, மூக்குகிட்ட போடு. சின்ன மீன் எதையும் கூடப் போடாதே, முழுங்கிடும். முக்கியமா மூடி! ஓட்டையைப் பார்த்தா ஊரைவிட்டே போயிடும். விரல் நுழையற இடுக்கு இருக்கக் கூடாது. எதை மறந்தாலும் இதை மறக்காதே."

அவள் மறக்கவில்லை. அதுதான் வினையாகப் போயிற்று.

முதலில் நடந்தது நல்லதுதான். நாலாம் நாள் காலையில் மார்லிஸ் சமையலறையில் முட்டை பொரித்துக்கொண்டிருந்தாள். பின்னறையிலிருந்து நடைவண்டி தரையில் ஊன்றும் சத்தம் வந்தது. ஒரு ஊன்றல், நீண்ட இடைவெளி, இன்னொரு ஊன்றல். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் அவன் நின்றுவிடுவானோ என்று பயம். முட்டை கருகி வாடை வந்தது. அடுப்பை அணைக்கக்கூட அவள் கை நீட்டவில்லை. கூடத்து நாற்காலி கிறீச்சிட்ட பிறகுதான் மூச்சு விட்டாள். எட்டிப் பார்த்தால் ஆரின் தொட்டியின் முன்னால் உட்கார்ந்திருந்தான். மீன் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது, அல்லது அவன் திசையில் மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தது. கருகின முட்டையை அவளே தின்றாள். அவ்வளவு ருசியான முட்டையை அவள் அதற்கு முன்பு தின்றதில்லை.

அதற்கப்புறம் தினமும் வந்தான். பஸ் நிலையத்தில் வெண்டல் "மீன் எப்படி?" என்று கேட்டால் "பரவாயில்ல" என்பாள். உள்ளுக்குள் அவன் காலில் விழலாமா என்றிருக்கும். ஆனால் நன்றி சொல்வதும் இங்கே கிட்டத்தட்ட உதவி கேட்பதைப் போலத்தான், கூச்சம் பிடுங்கித் தின்னும்.

ஜனவரி மூன்றாம் வாரம் பூஜ்யத்துக்கு இருபது டிகிரி கீழே இறங்கியது. வீட்டுச் சூடு காற்றைக் காயவைத்து, தொட்டித் தண்ணீரை உறிஞ்சியது. தண்ணீர் இறங்க இறங்க வடிகட்டியிலிருந்து விழும் தாரை சளசளவென்று சத்தம் போட்டது. ஆரின் முகத்தைச் சுளிப்பதாக அவளுக்குப் பட்டது. செவ்வாய்க்கிழமை அவள் ஒரு வாளி எடுத்துத் தொட்டியை விளிம்புவரை நிரப்பினாள். தண்ணீர் கண்ணாடி மூடியைத் தொட்டது. சத்தம் அடங்கியது. அப்படியே மூடியின் ஓரத்தில் வடிகட்டி தொங்கும் இடத்து இடுக்கு கண்ணில் பட்டது. ஒரு விரல் தாராளமாக நுழையும்.

குளிர்காலத்தில் எங்கள் ஊரில் ஜன்னலுக்கெல்லாம் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டுவோம். ஓரத்தில் பிசின் நாடா ஒட்டி, தாளைப் போர்த்தி, தலைமுடி காயவைக்கும் கருவியால் சூடு காட்டினால் மேளத்தோல் மாதிரி இறுகிக்கொள்ளும். ஊசி நுழையாது. மார்லிஸிடம் மிச்சத் தாள் இருந்தது. அந்த இடுக்கை அதனால் மூடி, சூடு காட்டி, விரலால் சுண்டிப் பார்த்தாள். டங் என்றது. தன் வேலையைத் தானே மெச்சிக்கொண்டாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை அங்கேதான் தொடங்கியது.

புதன்கிழமை வேலை முடிந்து வந்தபோது தாளின் ஒரு மூலை பிய்ந்திருந்தது. சூட்டில் பிசின் இளகியிருக்கும் என்று நினைத்து மறுபடி ஒட்டினாள். வியாழக்கிழமையும் பிய்ந்திருந்தது. இரண்டு மடங்கு நாடா போட்டாள். வெள்ளிக்கிழமையும் அதே கதை. மீனோ இளைத்துப்போன மாதிரி இருந்தது. மணலில் உட்காராமல் கண்ணாடி ஓரமாக மேலும் கீழும் அலைந்தது. தீனி போட மூடியைத் திறந்தால், தீனியை மோந்துகூடப் பார்க்காமல் வாயைப் பிளந்துகொண்டு மேலே வந்து முட்டியது. நோய் முற்றிவிட்டது என்று பதறி, அவள் சட்டென்று மூடிவிட்டாள்.

ஆரினும் சரியில்லை. இடது கையால் தொட்டியைத் தட்டித் தட்டி, "சரி! சரி!" என்று கத்தினான்.

"தட்டாதே, ஆரின். அதுக்கே உடம்பு சரியில்ல, பயந்துடும்" என்று அவன் நாற்காலியைத் தள்ளி வைத்தாள் மார்லிஸ். அவன் விரல் நுனியெல்லாம் பிசுபிசுவென்று இருந்தது. காலைப் பலகாரத்தில் ஊற்றின பாகு என்று நினைத்து, ஈரத்துணியால் குழந்தைக்குத் துடைப்பதுபோலத் துடைத்துவிட்டாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

சனிக்கிழமை காலை நடைவண்டிச் சத்தம் கேட்கவில்லை. ஆரின் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். கூடத்தில் மீன் மணலில் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. பரிசோதனைக்கு இன்னும் ஐந்து நாள். மார்லிஸ் இரண்டு அறைக்கும் நடுவில் நின்றாள், எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல்.

மத்தியானம் வெண்டல் பின்கதவைத் தட்டினான். உறைந்த இறால் ஒரு பொட்டலம் கொண்டுவந்திருந்தான். பூட்ஸைக் கழற்றவில்லை. "ஒரு நிமிஷம்தான். உள்ளே வரலை."

"காபி குடிச்சிட்டுப் போ."

"வேண்டாம், வேண்டாம்."

"போட்டு வச்சதுதான்."

"உனக்கு எதுக்குச் சிரமம்?"

"அரைக் கோப்பையாவது."

"சரி, அரைக் கோப்பைன்னா குடிக்கலாம்."

பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு, சமையலறை மேஜையில் முழுக் கோப்பை குடித்தான். குளிரைப் பற்றிப் பேசினார்கள். புது பஸ்ஸின் கதவு பற்றிப் பேசினார்கள். "மீன் எப்படி?" என்று கேட்டான். "பரவாயில்ல" என்றாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அது. சுவருக்கு அந்தப் பக்கம் மீன் செத்துக்கொண்டிருந்தது. அவன் கொடுத்த மீன். அவன் எட்டு வருஷத்து அழுக்கையும் சேர்த்துக் கொடுத்த மீன். அதைக் கொன்றுவிட்டேன் என்று எந்த வாயால் சொல்வாள்?

"அப்ப நான் கிளம்பறேன்" என்று வெண்டல் மேஜையைத் தட்டினான். எங்கள் ஊரில் அப்படிச் சொன்னால் கிளம்ப இன்னும் அரைமணி நேரம் இருக்கிறது என்று பொருள். மேஜையருகே நின்று பத்து நிமிஷம். கதவருகே பத்து நிமிஷம், அதில் அவன் மைத்துனனின் முழங்கால் அறுவை சிகிச்சை முழுசாக வந்தது. பிறகு வெளிப்படியில் நின்று கொஞ்சம். நடுவே இன்னும் இரண்டு தடவை "மீன் எப்படி?" என்று கேட்டான், இரண்டு தடவையும் "பரவாயில்ல"தான். கடைசியாக அவன் வண்டியில் ஏறி, இன்ஜினை முடுக்கி, ஜன்னலை இறக்கினான். மார்லிஸ் குளிர்க்கோட்டுகூடப் போடாமல் பனியில் நின்றாள். மூக்குக்குள் மயிர் விறைத்தது. மூன்று தடவை கேட்டாயிற்று, மூன்று இடத்தில் விடைபெற்றாயிற்று, இனி சொல்ல இடமில்லை. தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன?

"வெண்டல்," என்றாள். "மீன் சாகுது."

வெண்டல் இன்ஜினை அணைத்தான்.

"ஆரினும் எழுந்திருக்கல. உள்ளே வா. தயவு பண்ணி உள்ளே வா. எனக்கு ஒண்ணும் புரியல."

அறுபத்தொரு வருஷத்தில் அவள் வாயில் அந்த வார்த்தைகள் வந்தது அதுதான் முதல் தடவை. வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. வெண்டல் பூட்ஸோடு கூடத்துக்கு ஓடினான். அதுவும் எங்கள் ஊரில் நடக்காத காரியம்.

தொட்டியை ஒரு பார்வை பார்த்தான். "அட கடவுளே" என்று தாளை ஒரே இழுப்பில் கிழித்தான். மூடியைத் தூக்கிக் கீழே வைத்தான். "ஒரு சட்டி கொடு! சீக்கிரம்!" அவள் கொடுத்த சட்டியால் தண்ணீரை மொண்டு மொண்டு வாளியில் கொட்டினான். நாலு விரற்கடை இறங்கியதும் நிறுத்தினான்.

"இதுக்கு நுரையீரல் இருக்கு, மார்லிஸ். தண்ணிக்குள்ளயும் கொஞ்சம் மூச்சு வாங்கும், ஆனா அது பத்தாது. மேலே வந்து காத்தை விழுங்கணும். மூடிக்கும் தண்ணிக்கும் நடுவில காத்து இருக்கணும்."

"செவ்வாய்க்கிழமை நிரப்பி மூடினேன்... நானே அதோட மூச்சை அடைச்சுட்டேனா?"

"சொல்லாம விட்டது நான். நாப்பது வருஷமா வளக்கறவனுக்கு இதையெல்லாம் சொல்லணும்னே தோணல. மூடி, மூடின்னு உன்னைப் பயமுறுத்தி வேற வச்சிட்டேன். நீ ஏம்மா என்கிட்ட கேக்கல? தினம் பாக்குறோமே?"

"உன்னைத் தொந்தரவு பண்ண வேண்டாம்னு."

"என்னைத் தொந்தரவு பண்ண ஒரு ஜீவன் இல்லாமத்தானே இருபத்திரெண்டு தொட்டி வாங்கி வச்சேன்!"

மீன் அசைந்தது. ஒரு துடுப்பை ஊன்றியது, விழுந்தது, மறுபடி ஊன்றியது. பிறகு உடம்பை ஒரு சுழற்று சுழற்றி நேராக மேலே வந்து, மூக்கை வெளியே நீட்டி, ஒரு வாய்க் காற்றை விழுங்கியது. செவுளோரம் நாலைந்து குமிழிகள் விட்டுக்கொண்டு இறங்கியது. உடனே திரும்ப வந்து இன்னொரு வாய். மார்லிஸ் தன் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"ஆனா ஒண்ணு புரியல," என்றான் வெண்டல். "செவ்வாய்க்கிழமை மூடினேங்கிற. இந்தக் குட்டி இத்தனை நாள் தாக்குப் பிடிச்சிருக்காது. நடுவில எங்கேயோ காத்து கிடைச்சிருக்கு." கிழித்த தாளை வெளிச்சத்தில் பிடித்தான். மூலையெல்லாம் நகக்கீறல். "இது இளகிப் பிய்ஞ்சது இல்ல. யாரோ பிச்சிருக்காங்க. தினமும். நேத்து வரைக்கும்."

புதன், வியாழன், வெள்ளி. அவள் பஸ் ஓட்டப் போன நாட்கள். இன்று சனிக்கிழமை, அவள் வீட்டிலேயே இருந்தாள்.

பின்னறையில் நடைவண்டி ஊன்றியது.

தாளைக் கிழித்த சத்தம் அவனை எழுப்பியிருக்க வேண்டும். ஆரின் ஒவ்வொரு அடியாக வந்தான். யாரும் உதவப் போகவில்லை. நாற்காலி தள்ளிக் கிடந்ததால் தொட்டியருகே நின்றபடியே குனிந்தான். தண்ணீர் மட்டத்தைப் பார்த்தான். மீன் மேலே வந்து காற்றை விழுங்குவதைப் பார்த்தான். இயந்திர அறையில் முப்பது வருஷம் அழுத்தமானியைப் பார்த்த கண்கள், ஏதோ ஒரு முள் சரியான எண்ணுக்கு வந்துவிட்டது போலத் தளர்ந்தன.

அந்தப் பார்வையில் மார்லிஸுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஒற்றைக் கையால், ஒன்றரைக் காலில் நின்று, நகத்தால் பிசினைக் கீறி மூன்று நாள் அவன் அந்த மீனைக் காப்பாற்றியிருக்கிறான். அவள் மூன்று நாளும் மறுபடி ஒட்டியிருக்கிறாள். அவன் கத்தியதற்கு நாற்காலியைத் தள்ளிப் போட்டிருக்கிறாள். உள்ளே அவன் ஒரு குறையும் இல்லாமல் முழுசாக இருந்திருக்கிறான். பேச்சோடு சேர்ந்து ஆளும் போய்விட்டான் என்று நினைத்து, அவள் வெறும் உடம்புக்குச் சோறூட்டிக்கொண்டிருந்தாள்.

"நீதானா?" என்றாள். "நீதான் பிச்சியா, ஆரின்? எனக்குச் சொல்லிக்கிட்டே இருந்தியா?"

"சரி" என்றான் ஆரின்.

"என்னை மன்னிச்சிடு. ரொம்ப நன்றி. இதைக் காப்பாத்தினதுக்கு நன்றி. எழுந்து வந்ததுக்கு நன்றி." பிறகு வெண்டல் பக்கம் திரும்பினாள். "உனக்கும்தான். அந்த அழுக்குப் பஞ்சுலேர்ந்து எல்லாத்துக்கும். குறுக்கே பேசாதே, 'பரவாயில்ல'ன்னு சொன்னே, கொன்னுடுவேன்."

வெண்டல் திறந்த வாயை மூடிக்கொண்டான். காது மடலெல்லாம் சிவந்துவிட்டது.

மார்லிஸ் நாற்காலியை இழுத்து ஆரினை உட்காரவைத்தாள். தானும் எதிரில் முழங்காலிட்டு, அவன் இடது கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கையைத் துடைக்கவில்லை, பிடித்துக்கொண்டாள். "வேற என்னல்லாம் சொன்னே? இந்த மூணு மாசத்துல நான் வேற என்னல்லாம் கவனிக்கல? வாயால வேண்டாம். காட்டு. எவ்வளவு நேரம் ஆனாலும் சரி."

ஆரின் வெகுநேரம் யோசித்தான். அவள் குறுக்கே எதுவும் சொல்லாமல் காத்திருந்தாள், அது அவளுக்குப் பனி அள்ளுவதைவிடக் கஷ்டமாக இருந்தது. கடைசியில் அவன் கையை விடுவித்துக்கொண்டு ஒரு விரலை நீட்டினான். திறந்த கதவு வழியாகச் சமையலறை மேஜையில் இருந்த காபிக் கோப்பையைக் காட்டினான். காட்டிவிட்டு, விளக்கெண்ணெய் குடித்தவனைப்போல மூஞ்சியைக் கோணினான்.

"காபியா? காபிக்கு என்ன?" பக்கவாதம் வந்ததிலிருந்து அவன் உடம்புக்கு ஆகாது என்று அவளாகவே முடிவு செய்து, காஃபின் நீக்கிய காபித்தூளுக்கு மாறியிருந்தாள். மருத்துவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "நல்லாயில்லையா? வெண்டல், நீ குடிச்சியே, நல்லாயில்லையா?"

வெண்டல் தொப்பியைக் கையில் சுழற்றினான். "கொஞ்சம்... வித்தியாசமா இருந்துச்சு."

எங்கள் ஊரில் இதைவிடக் கேவலமாக ஒரு காபியைத் திட்ட முடியாது. மார்லிஸ் சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாகி, அழுகை மறுபடி சிரிப்பானது. ஆரினின் வாயின் ஒரு பக்கமும் மேலே ஏறியது. வெண்டல் கேட்காமலேயே தன் வண்டிக்குப் போய், குடுவையில் தன் பொண்டாட்டி போட்டுக் கொடுத்த கறுப்புக் காபியைக் கொண்டுவந்து ஊற்றினான். ஆரின் ஒரு வாய் குடித்தான். கண்ணை மூடி, அதை வாயிலேயே வைத்திருந்து, பிறகு விழுங்கினான்.

"அப்புறம்?" என்றாள் மார்லிஸ், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "வேற?"

ஆரின் கோப்பையை வைத்தான். விரல் மறுபடி உயர்ந்தது. இந்தத் தடவை அது ஜன்னலைக் காட்டியது, அப்புறம் படுக்கையறையை, அப்புறம் அவளையே.

என்ன சொல்கிறான் என்று இன்னும் பிடிபடவில்லை; பிடிபடும்வரை கேட்க, மார்லிஸ் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவன் எதிரில் உட்கார்ந்தாள்.